வாய்க்காலில் ஒரு நாய் வைத்தியம்

1

விடுமுறை முடிந்து அலுவலகம் திரும்பிய திங்கட்கிழமை காலை, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வழக்கமான விசாரணை நடந்தது. நெதர்லாந்தில் இது ஒரு சடங்கு. ஊருக்குப் போய் வந்தவன் தன் விடுமுறையை மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட வேண்டும். கேட்பவர்கள் ஒரு "அடடா" சொல்லிவிட்டுக் கணினிக்குத் திரும்புவார்கள். நான்காவது வாக்கியம் அநாகரிகம்.

"இந்த முறை இந்தியாவில் என்ன செய்தாய்? கோயில் பார்த்தாயா, கடற்கரையா?" என்று கேட்டாள் எனக்கு எதிர் மேசையில் உட்காரும் மரைக்கா.

"ஒரு நாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் நின்றேன்."

"எவ்வளவு நேரம்?"

"விடுமுறை முழுவதும்."

மரைக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, புரிந்துகொண்ட மரியாதையுடன், "யோகாவா?" என்றாள்.

ஏறக்குறைய அதுதான் என்று சொல்லிவிட்டேன். என் மூன்று வாக்கியங்கள் தீர்ந்திருந்தன. நான்காவதிலிருந்து உங்களுக்கு எழுதுகிறேன். நம்மூரில் நான்காவது வாக்கியத்தில்தான் பேச்சே சூடு பிடிக்கும்.

2

நாய் வைத்தியத்தில் எனக்கு வாய்த்த ஞானத்தின் அளவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இங்கே எங்கள் பக்கத்து வீட்டில் வில்மா என்று ஓர் அம்மையார் இருக்கிறார். அவருடைய நாயின் பெயர் பிம். நீண்ட உடம்பும் குட்டைக் கால்களும் கொண்ட ஜாதி; பார்த்தால் யாரோ இரண்டு நாய்க்கு வாங்கிய துணியில் ஒன்றைத் தைத்த மாதிரி இருக்கும். என் மகள் அனிதா கைச்செலவுக்காகப் பிம்மை நடை அழைத்துப் போவாள். போன வருடம் பிம்முக்கு முதுகெலும்பில் ஏதோ நழுவி, பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. தண்ணீருக்குள் நடக்க வைத்தால் சரியாகும் என்றார்கள். வில்மா கண் அறுவைக்குப் பிறகு கார் ஓட்டுவதில்லை. எனவே வில்மா, பிம், அனிதா மூவரையும் ஏற்றிப் போகும் வாகன ஓட்டியானேன்.

அங்கே போனவுடன் சிகிச்சை தொடங்கிவிடாது. மருத்துவரின் கடிதம், நாயின் காப்பீட்டு எண், நாய்க்குப் பிடித்த தின்பண்டம், பிடிக்காத ஓசைகள் எல்லாம் கேட்டார்கள். கடைசியில், "உங்கள் நாயின் லட்சியம் என்ன?" என்று ஒரு கேள்வி. அரியலூரில் பன்னிரண்டு வருடம் படித்தவன் நான். ஒரு வாத்தியாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வில்மா தயங்காமல், "சோபாவில் ஏறுவது" என்று எழுதினார். எனக்கு லேசாகப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு தெளிவு எனக்கு இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் நகரும் பட்டை. நாயை உள்ளே விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை வயிறு வரை ஏற்றி, பட்டையை மெதுவாக ஓட்டுவார்கள். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும். பட்டை கால்களைப் பின்னால் இழுக்கும். கால்களுக்குப் பழைய ஞாபகம் வரும். அனிதா உள்ளே சிகிச்சைப் பெண்ணிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இலவசக் காபி குடித்தேன். என் முழுப் படிப்பும் அதுதான்.

இன்னொன்று. எனக்கு நீச்சல் தெரியாது. கடலைவிடத் தாழ்ந்த நாட்டில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே குழந்தைகளுக்குப் பல் முளைத்ததும் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள்; அதற்குச் சான்றிதழ், அதற்கு ஒரு விழா. என் மகள் எல்லாச் சான்றிதழும் வாங்கியிருக்கிறாள். நான் அந்த விழாக்களில், குளத்திலிருந்து பாதுகாப்பான தூரத்தில் நின்று, கைதட்டியிருக்கிறேன்.

3

ஊரில் என் அக்கா பிலோமினா ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியை. மாமா ஆரோக்கியசாமிக்கு முந்திரித் தோப்பும், போர்க் கிணற்றுத் தண்ணீரில் நிலக்கடலை போடும் கொஞ்சம் நிலமும் உண்டு. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டில் மூன்றாவது ஆள் துரை.

துரை நாய்தான். செம்மண் நிறம்; நான்கு பாதங்கள் மட்டும் வெள்ளை. காலுறை போட்ட கலெக்டர் மாதிரி நடந்ததால் அந்தப் பெயர். அக்காவுடன் காலையில் பள்ளிக்கூட வாசல் வரை போவான், மணி அடித்ததும் திரும்புவான், மாமாவுடன் வயலுக்குப் போவான். ஊரில் இவ்வளவு ஒழுங்காக வேலைக்குப் போனவர்கள் குறைவு.

அனிதாவுக்குத் தேர்வு. மனைவி அவளுக்குத் துணை. நான் தனியாக ஜூன் மாதம் போய் இறங்கினேன். காரைவிட்டு இறங்கியதும் வழக்கமாகப் பாய்ந்து வரும் துரையைக் காணோம். வராந்தாவில் கோணிமேல் படுத்திருந்தான். எழப் பார்த்தான், பின்னங்கால்கள் வரவில்லை. வாலை ஆட்டப் பார்த்தான், அதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாகக் காதுகளை ஆட்டினான்.

"என்னக்கா ஆச்சு?"

"பலாப்பழம்டா."

"பலாப்பழம் தின்னா கால் போயிடுமா?"

"திங்கலடா. மேல வுழுந்துச்சு. மரத்தடியில படுத்துக் கெடந்தான். ரெண்டு வாரம் ஆவுது. மின்னங்கால ஊனி ஒடம்ப இழுத்துக்கிட்டு வந்தான் பாரு, எனக்கு உசுரே போச்சு."

மாமா நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "நல்லா கனமான பழம், மாப்ள. தலையில வுழுந்திருந்தா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும்."

"அந்தப் பழத்த என்ன பண்ணீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா மெல்லச் சொன்னார். "தின்னோம். நல்ல பழம்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சாயங்காலம் மாமா என்னைத் தோப்புப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னார். "இழுத்து இழுத்துத் தொடையெல்லாம் புண்ணாவுது. ஊசி போட்டு அனுப்பிச்சிடலாம்னு ஒரு ஆளு சொன்னாரு. ஒங்கக்காவுக்கு அவரோட இப்ப பேச்சு வார்த்த இல்ல."

"யாரு அந்த ஆளு?"

"நான்தான்."

4

பெரம்பலூரில் நாய்க்கு எக்ஸ்ரே எடுக்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். விபத்து நடந்த அன்று பார்த்தவர் அவர்தான். இரண்டு வாரம் அசையாமல் வைத்திருந்து திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒரு சின்ன லோடு வண்டியில் வைக்கோல் பரப்பி, துரையைப் படுக்க வைத்து, நானும் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஜெயங்கொண்டம் தாண்டி அரியலூர் வரும்போது சிமெண்ட் லாரிகளின் தூசியில் மூவரும் ஒரே நிறமானோம். பார்த்தவர்களுக்கு எது நாய் என்று கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்திருக்கும்.

சீட்டு எழுதும் பெண் தலை நிமிரவில்லை.

"பேரு?"

"துரை."

"அப்பா பேரு?"

அவள் உரிமையாளரின் அப்பா பெயரைத்தான் கேட்டிருக்க வேண்டும். அக்கா முப்பது வருடமாகப் பள்ளிச் சேர்க்கை நடத்துகிறவள். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் வாய் தானாகத் திறக்கும். "சவரிமுத்து" என்றாள். சவரிமுத்து எங்கள் அப்பா. இப்படியாக அரைநூற்றாண்டு ஒரே ஆண் வாரிசாக இருந்த எனக்குப் பெரம்பலூரில் ஒரு தம்பி பிறந்தான்.

டாக்டர் இடுக்கியால் துரையின் பின்னங்கால் விரலை அழுத்தினார். வலது காலை அழுத்தியதும் துரை திரும்பி அவரை முறைத்தான். இடது காலை அழுத்தியபோது கொஞ்சம் தாமதமாக, தபாலில் வந்த மாதிரி, முறைத்தான்.

"வலி தெரியுது. நரம்பு அறுந்து போகல" என்றார் டாக்டர். "இடது பக்கம் ரொம்ப பலவீனம். இனிமே சும்மா படுக்க வெக்கக் கூடாது. சதை வத்திடும். தண்ணிக்குள்ள நடக்க வைக்கணும். பெரிய ஊர்கள்ல அதுக்குன்னே தொட்டி இருக்கு. இந்த மாசத்துக்குள்ள கால் எடுத்து வெச்சான்னா பொழச்சுக்குவான்."

"வெக்கலன்னா?" அக்கா கேட்டாள்.

டாக்டர் பதில் சொல்லாமல் மாத்திரை எழுதினார்.

அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு மௌனத்தைத் தாங்க முடியாத போதெல்லாம் ஏதாவது பொறுப்பு வந்து தலையில் விழும். "தண்ணி சிகிச்சையா? நான் ஹாலந்துல பார்த்திருக்கேன் சார்" என்றேன்.

"அப்புறம் என்னம்மா?" என்று டாக்டர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "சார் பார்த்துக்குவாரு."

அவர் இலவசக் காபியைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

5

தொட்டி இருந்தது. மாமாவின் பம்புசெட் தொட்டி, சிமெண்ட், எனக்கு நெஞ்சளவு ஆழம். கண்ணாடி இல்லை, பட்டை இல்லை, வெதுவெதுப்பும் இல்லை. ஹாலந்தில் செயலியில் நேரம் பதிவு செய்ய வேண்டும், வராவிட்டால் அபராதம். இங்கே மும்முனை மின்சாரம் வரும் நேரம்தான் எங்கள் நேரம். அது வராவிட்டால் யாரைக் கேட்பது?

துரையின் வயிற்றில் அக்காவின் பழைய சேலையைச் சுற்றித் தூக்கி, நான் முதலில் இறங்கினேன். நெஞ்சளவுத் தண்ணீர் என்பது வெளியே நிற்கும்போது சொல்கிற கணக்கு. உள்ளே நின்றால் கழுத்தளவு மாதிரித்தான் இருக்கும். நான் தொட்டிச் சுவரை ஒரு கையால் பிடித்திருந்தேன். மறுகையால் துரையைப் பிடித்திருந்தேன். துரை நான்கு நிமிடம் யோசித்துவிட்டு, அந்த இடத்தில் இருப்பதிலேயே உயரமான பொருள் என் தலை என்று முடிவு செய்தான்.

"நாயி மேல ஏறுது, மாமா!"

"ஏறட்டும் மாப்ள, கால் வந்துடுச்சு போல."

கால் வரவில்லை. முன்னங்கால்களாலேயே என் தலைக்கு ஏறியிருந்தான். பக்கத்து நிலத்துத் தனபாக்கியம் அக்கா வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். "தம்பி, குளிப்பாட்டறது நீங்களா நாயா?" என்று கேட்டார்.

அப்போது அனிதா வீடியோவில் வந்தாள். கடந்த ஒரு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். பாதி அட்டை மிச்சமிருக்கும். பதினேழு வயது. தமிழ் புரியும், பேசினால் ஒவ்வொரு சொல்லையும் சூடான பாத்திரம் மாதிரி ஓரத்தில் பிடித்துத் தூக்குவாள். துரையின் கதையை அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, நாய காட்டு."

காட்டினேன்.

"தண்ணி ரொம்ப நிறைய. அவன் கால் கீழ படலை. அவன் மிதக்கிறான்." பிறகு ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். "அப்பா, அவன் நடக்கலை. நீதான் நடக்கிற."

மாமா சத்தமாகச் சிரித்தார். "சரியா சொன்னுச்சு புள்ள! கண்ணு, எவ்வளவு தண்ணி வேணும்?"

"அவன் முழங்கை வரைக்கும், மாமா. தண்ணி ஓடணும். கீழ சறுக்கக் கூடாது."

அத்தையின் கணவர் அவளுக்கும் மாமா முறைதான். ஆனால் அவள் முறை தெரிந்து கூப்பிடவில்லை, நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கூப்பிட்டாள். மாமாவுக்கு அது போதும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்க்க நடந்தார்.

6

தொட்டி நிரம்பி வழியும் இடத்திலிருந்து கடலைக் கொல்லை வரை சிமெண்ட் வாய்க்கால் ஒன்று போகிறது. அகலம் ஒரு நாய். ஆழம் ஒரு நாய். யாரோ துரைக்கு அளவெடுத்துக் கட்டியது போல. மாமா வாய்க்காலின் கீழ்முனையில் மணல் மூட்டை வைத்து மடை கட்டினார். மூட்டையை ஏற்றினால் தண்ணீர் உயரும், தள்ளினால் இறங்கும். வாய்க்கால் அடியில் கோணியை விரித்தார், சறுக்காமல் இருக்க. ஹாலந்தில் ஓர் அறை நிறைய இருந்த இயந்திரம் இங்கே ஒரு மண்வெட்டியில் முடிந்தது. "ரொம்ப நன்றி மாமா" என்றேன். அவர் அக்காவிடம் போய், "ஒந்தம்பிக்கு எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டாராம். வெளிநாட்டில் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லிச் சொல்லி, சொந்தக்காரர்களிடம் சொல்லக் கூடாது என்பதே மறந்து போயிருந்தது.

தினமும் கரண்டு வந்ததும் மோட்டார் போடுவார் மாமா. வாய்க்கால் நிறைந்து தண்ணீர் தெளிந்த பிறகுதான் துரையைக் கொண்டுவரச் சொல்வார். விருந்தாளி வருமுன் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்துவிடுவோம் அல்லவா, அந்த மரியாதை. நான் துண்டால் துரையின் இடுப்பைத் தாங்கிக்கொண்டு வாய்க்காலுக்கு இருபுறமும் கால் பரப்பி நடப்பேன். துரை முன்னால் இரண்டு காலில் நடப்பான். பின்னங்கால்கள் ஈரத்துணி மாதிரி தண்ணீரில் அலையும்.

நாட்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, துரை நடக்கவில்லை. என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இதில் ஊரின் பங்கும் உண்டு. துரை முன்னங்காலை ஊன்றி எழ முயன்றால் போதும், "ஐயோ பாவம்" என்று யாராவது ஓடிவந்து தூக்கிவிடுவார்கள். அக்கா தூக்குவாள். அக்கா இல்லாவிட்டால் தனபாக்கியம் அக்கா. பால்காரர் கூட ஒருமுறை சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து தூக்கினார். முட்டை, ஈரல், கருவாடு எல்லாம் படுத்த இடத்துக்கே வந்தன. "அவனை யாரும் தூக்கக் கூடாது" என்று அனிதா உத்தரவு போட்டாள். அக்கா, "சரிம்மா சரிம்மா" என்றாள். தொலைபேசியை வைத்தாள். துரையைத் தூக்கினாள்.

"ஏங்க்கா?"

"நீ போடா. அந்தப் புள்ளைக்குத் தெரியாது. அவன் என்னப் பாக்கறத நீ பாத்தியா?"

அந்த வாரம் ஏலாக்குறிச்சி மாதாவுக்குப் போனோம். உடம்பில் எந்த உறுப்பு நோகிறதோ அதை வெள்ளித் தகட்டில் செய்து காணிக்கை வைப்பது அங்கே வழக்கம். கை, கால், கண் எல்லாம் கடையில் தொங்கின. எல்லாம் மனிதனுடையவை. "நாய்க் காலு இல்லீங்களே டீச்சர்" என்றார் கடைக்காரர். அக்கா கொஞ்சம் யோசித்து மனிதக் கால் இரண்டு வாங்கினாள். "மாதாவுக்கு யாருக்குன்னு தெரியும். அவ சரி பண்ணிக்குவா" என்றாள். தனபாக்கியம் அக்கா தன் பங்குக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். ஆக, கேஸ் இரண்டு கோர்ட்டில் நடந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னாள். "மாசம் முடியப் போவுது. மாமா எங்கிட்ட திரும்ப ஊசி பத்திக் கேட்டா நான் என்னடா சொல்லுவேன்?"

 

7

அதற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, நாங்கள் வாய்க்காலில் பாதி நடந்தபோது கரண்டு போனது. மோட்டார் பெருமூச்சு விட்டு நின்றது. மாமா, நிற்கிற தண்ணீர் வீணாக வேண்டாம் என்று மடையைத் தள்ளிவிட்டார். தண்ணீர் கடலைக் கொல்லைக்குப் போய், வாய்க்கால் வெறிச்சோடியது. அடித்த வெயிலில் சிமெண்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. துரையை வாய்க்காலுக்குள்ளேயே கோணிமேல் படுக்க விட்டுவிட்டு நாங்கள் மூவரும் வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்தோம். அனிதா தொலைபேசியில் இருந்தாள். தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த அவளுக்கு வானம் மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. மாமா மணல் மூட்டையைத் திரும்ப வைத்து, மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்; நாங்கள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் நிறையட்டும், பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

தொட்டி வழிந்து, தண்ணீர் காய்ந்த வாய்க்காலில் இறங்கியது. முதலில் வரும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அது ஓடி வராது. மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். முன்னால் நுரை, காய்ந்த முந்திரி இலைகள், தத்தளிக்கும் எறும்புகள், தப்பித்துக் குதிக்கும் ஒரு தத்துக்கிளி. ஒரு பழுப்பு நிற உயிர் தவழ்ந்து வருவது போல இருக்கும்.

துரையின் காதுகள் நிமிர்ந்தன. தண்ணீர் அவன் மூக்குவரை வந்தது. அவன் அதை லபக்கென்று கவ்வினான். தண்ணீர் அவன் வயிற்றுக்கு அடியில் புகுந்து, அவனைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்விட்டது.

துரைக்கு அது பொறுக்கவில்லை. திரும்பினான். முன்னங்கால்களை ஊன்றினான். பின்னால் ஏதோ ஒன்று நடந்தது. முதலில் வலது கால் மடங்கி, கோணியைப் பிடித்தது. பிறகு இடது கால், அதே தபால் தாமதத்துடன், வந்து சேர்ந்தது. குடித்தவன் வீட்டுப் படியைத் தேடுவது போல ஆடியபடி துரை நின்றான். நின்றவன் நடந்தான். தண்ணீரின் தலையைத் துரத்திக்கொண்டு, விழுந்து, எழுந்து, கவ்வி, தும்மி, விழுந்து, எழுந்து.

நான் துண்டோடு பாய்ந்தேன்.

"மாப்ள, புடிக்காத! புடிக்காதன்னு சொல்றன்ல!" மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அக்கா ஏற்கெனவே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடியிருந்தாள். பாதி வழியில் நின்றாள். நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வாயில் வைத்துக்கொண்டாள்.

"எப்பவும் இப்புடித்தான்டா" என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து. "மொதத் தண்ணி வுட்டா அதுக்கு மின்னாடி ஓடுவான். கடலக் கொல்ல முட்டும் ஓடுவான். நாமதான் தெனம் ரொப்பி வெச்சுட்டு அவனக் கூப்புட்டுருக்கோம்."

"மருவாதி குடுத்தது தப்பாப் போச்சு" என்றார் மாமா. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டோம்.

தொட்டிச் சுவரிலிருந்து அனிதாவின் குரல் கத்திக்கொண்டிருந்தது. "அப்பா! என்ன ஆச்சு? எனக்கு மேகம்தான் தெரியுது! யாராவது சொல்லுங்க!"

அவள் தமிழில் இவ்வளவு நீளமாக, இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து முறை மாறியது. துரை முதலில் காய்ந்த வாய்க்காலில் இறங்குவான். பிறகு மாமா தொட்டி வாயில் பலகை வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். "மெதுவா மாமா. இப்ப கொஞ்சம் ஃபாஸ்ட்" என்று ஹாலந்திலிருந்து குரல் வரும். மாமா பலகையை அரை விரல் தூக்குவார். நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்று இருவரும் ஏகமனதாக முடிவெடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபி குடித்த பழைய பதவி எனக்குத் திரும்பக் கிடைத்தது. இங்கே தேநீர்.

8

கிளம்பும் நாள். அரியலூரில் ரயில் பிடிக்க வேண்டும். வாசலில் கார் நின்றது. என் பெட்டிகளை முற்றத்தில் வரிசையாக வைத்திருந்தோம். ஊறுகாய், முந்திரி, வறுத்த கடலை, அனிதாவுக்கு என்று அக்கா தைத்த சுடிதார். சுங்கத்தில் எதைக் கேட்டால் எதைச் சொல்வது என்று நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

பெருமை யாருக்கு என்ற வழக்கும் அன்று காலையில்தான் தீர்ந்தது. மாதா முதலிடம், பெருமாளும் அதே முதலிடம், ஏனென்றால் தனபாக்கியம் அக்கா அங்கேயே நின்றிருந்தார். பிறகு பெரம்பலூர் டாக்டர், அனிதா, மாமா, மின்சார வாரியம். ஆறாவது பேருக்குப் பிறகு அக்கா நிறுத்திக்கொண்டாள். நான் தொண்டையைச் செருமினேன். "ஒனக்கும்தான்டா, தலையில ஏற எடம் குடுத்தியே" என்றாள்.

துரை வராந்தாவிலிருந்து தானாக இறங்கி வந்தான். ஒரு படியில் சறுக்கினான். யாரும் தூக்கவில்லை, அக்கா கைகளைத் தன் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டிருந்தாள். இடது கால் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் வீசி வீசித்தான் விழுந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தான். எனக்கு மனைவி வாங்கிக் கொடுத்த, இருப்பதிலேயே விலை கூடிய பெட்டியைத் தேர்ந்தெடுத்தான். பக்கவாட்டில் நின்றான். இடது பின்னங்காலை மெதுவாகத் தூக்கினான்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பலா விழுந்த நாளிலிருந்து அவன் உட்கார்ந்த இடத்தில், படுத்த இடத்தில்தான் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆண்நாய்க்கு அதைவிட அவமானம் கிடையாது.

"எலேய்!" என்று மாமா கூவினார். "மூணு கால்ல நிக்கிறான்டா!"

தனபாக்கியம் அக்கா குலவை போட்டார். கார் டிரைவர் எதற்கென்று தெரியாமலேயே கைதட்டினார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நான் பெட்டியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடைக்காதடா! காயட்டும்!"

அனிதாவைக் கூப்பிட்டோம். அங்கே விடிந்துகொண்டிருந்த நேரம். தலைமுடி கலைந்து, கண் பாதி மூடியபடி வந்தாள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் விழித்துக்கொண்டாள்.

"ரெக்கார்ட் பண்ணீங்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்பா! இதையும் விட்டுட்டீங்களா? அவனைத் திரும்பச் செய்யச் சொல்லு."

"அது என்ன கண்ணு, சொன்னா வருமா?" என்றார் மாமா.

துரை சற்று நேரம் எங்கள் எல்லோரையும் பார்த்தான். பிறகு நடந்து வந்து என் பக்கத்தில் நின்றான். அன்று நான் பயணத்துக்காகப் புதுக் காலணி போட்டிருந்தேன். அதை முகர்ந்தான். இந்த முறை வலது காலைத் தூக்கினான். முழு உடம்பும் அந்த இடது காலில் நின்றது. நடுங்கியது, ஆனால் நின்றது.

"தெரியுது, தெரியுது!" என்று அனிதா தொலைபேசிக்குள் கத்தினாள். "அப்பா, ஆடாதே! அப்படியே நில்லு!"

நான் காலை நகர்த்தவில்லை.